கேட்டு வாங்கிய கரகோஷம்

நல்லூரில் என் சொந்த உழைப்பில் நான் கட்டிக்கொடுத்த மண்டபத்தின் திறப்புவிழா. "முதலாளிக்குப் பலத்த கரகோஷம்!" என்று கத்தினான் அறிவிப்பாளர் பொடியன்.

கரகோஷம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது நீர்வேலியில், நாலாம் வகுப்பில். வாழைக்கயர் கறுப்பாய்க் கறைபிடித்த சட்டையோடு வாசிக்க எழுந்து, ஒரு வரியும் வராமல் நின்றேன்.

"உவருக்கு ஒரு கரகோஷம் குடுங்கோ, பிள்ளையள்!" என்றார் வாத்தியார்.

கூரை ஓடு அதிரத் தட்டிச் சிரித்தார்கள். என் வாங்கிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்த கந்தையாதான் எல்லாரிலும் பலமாகத் தட்டினான். அன்றோடு பள்ளியை விட்டேன். வாழைக்குலை சுமந்தே முதலாளியானேன்.

இன்று முன்வரிசையில் அதே கந்தையா, பல்லெல்லாம் தெரிய, உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தட்டினது காணும், கந்தையா," என்றேன் ஒலிவாங்கியில். "எனக்கு நீ அண்டைக்கே தட்டி முடிச்சிட்டாய்."