சுத்துற வட்டமும் சளி பிடிச்ச கௌமாரிகளும்

ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுற வேலைக்கு வந்தால், நோயாளி வாயைத் திறக்கும் முன்னே கம்ப்யூட்டரில் சுத்துற வட்டத்தைத்தான் நம்ம கண்ணு பாக்கும். உத்தமபாளையத்தில் ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நான் அந்த வேலை பாக்குறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. முதலில் அங்கேயே வார்டில் ஆயாவாக இருந்தேன். வர்ற பிள்ளைகளை முகம் பாத்தே எந்த ஊர், யார் வீடு என்று சொல்லிருவேன். அதைப் பாத்துட்டு டாக்டரம்மா என்னைச் சீட்டுப் போடுற கவுண்டரில் உட்கார வச்சாக. நீங்களும் ஏதோ ஒரு கவுண்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாட்டிக்கிட்டு முழிச்சவுகதானே, அதனால கூச்சப்படாமச் சொல்றேன்.

ராட்டினம்

பக்கத்து அறையில் சர்வர் என்று ஒரு பெட்டி இருக்கும். இதுவரை வந்த பிள்ளைகள் விவரமெல்லாம் அதுக்குள்ளதான். நான் இங்கன தட்டினா, அது அங்கன தேடி எடுத்துக் கொடுக்கணும். மழை பிடிச்சுக் காய்ச்சல் பரவின நேரமாப் பாத்து அது படுத்துக்கிச்சு. ஒரு பிள்ளையைத் தேடினால் வட்டம் சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும்.

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு தாய் வந்தாள். தோளில் கிடந்த பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. "மிஷின் மெதுவா இருக்குக்கா" என்று சொல்ல நினைச்சேன். சொல்லாம இன்னொரு தடவை தட்டினேன். அந்தப் பிள்ளை மட்டும் அழுகையை நிறுத்திட்டு வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தது. தாய் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாள்.

"நல்லா ராட்டினம் காட்டுற தாயி, சீட்டு எப்பக் குடுப்ப?"

எந்தக் கௌமாரி?

நம்ம பக்கத்தில் பிள்ளை வரம் கேட்கிறதும் வீரபாண்டிக் கௌமாரி ஆத்தா கோயிலில், பேர் வைக்கிறதும் அந்த ஆத்தா பேர்தான். அதனால 'கௌமாரி' என்று தட்டினால் பள்ளிக்கூடத்து மணி அடிச்ச மாதிரி கூட்டமா வந்து நிப்பாக. போன் நம்பரை வச்சுத் தேடலாம்னா, போன தடவை சித்தப்பன் நம்பரைக் கொடுத்திருப்பாக, இந்தத் தடவை மாமன் நம்பரைச் சொல்லுவாக. எந்தக் கௌமாரின்னு பாக்காமச் சீட்டைப் போட்டா, ஒரு பிள்ளையோட மருந்து இன்னொரு பிள்ளைக்குப் போயிரும்.

அன்னைக்கு ஒரு அப்பா. "பேரு கௌமாரி" என்றார். "எந்தக் கௌமாரிண்ணே?" என்று கேட்டேன். "சளி புடிச்ச கௌமாரி" என்றார். இங்கன வர்ற எல்லாக் கௌமாரிக்கும் சளிதானே. நான் திரும்பவும் தயங்கித் தயங்கி அடையாளம் கேட்டதும், அவருக்குக் கோபம் வந்து பிள்ளையைத் தூக்கி மேசை மேலேயே உட்கார வச்சுட்டார்.

"இந்தா, இந்தக் கௌமாரி. நல்லாப் பாத்துக்கோ."

அதுக்காகத்தான் நான் ஒரு வழி வச்சிருந்தேன். சீட்டில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் அதில் ஒண்ணும் எழுதுறதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அடையாளத்தை அதில் எழுதி வைப்பேன். அடுத்த தடவை அதை வச்சுத் தேடினால் சரியான பிள்ளை வந்துரும். என்னைப் பாத்து மத்த ஷிப்ட்டில் சீட்டுப் போடுறவுகளும், மருந்துக் கடை ஜெயா அக்காவும் அப்படியே எழுதவும் தேடவும் ஆரம்பிச்சாக.

ஆளுக்கொரு வைத்தியம்

வரிசை வாசல் வரைக்கும் போனதும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் கம்ப்யூட்டர் வைத்தியர் ஆயிட்டாக. சர்வருக்குப் புழுக்கம் என்று ஒருத்தர் சொல்ல, மேனேஜர் அண்ணன் ஏசி மாட்டினாக. கரண்ட்டுதான் காரணம் என்றார் எலெக்ட்ரீஷியன், ஸ்டெபிலைசர் வந்தது. ஜெயா அக்கா தன் பங்குக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழத்தை மேலே வச்சாக. அந்த அறையில் இப்போ நல்லாக் குளிருது, வாசமா இருக்குது, வட்டம் மட்டும் நிக்கலை.

மேனேஜர் அண்ணன் என் பின்னால் வந்து நின்னாக. நான் ஒரு பிள்ளையைத் தேடிக்கிட்டு இருந்தேன். திரையையும் என் விரலையும் மாறி மாறிப் பாத்தாக.

"மிஷினுக்கு எல்லாம் பண்ணியாச்சு ஆத்தா. இனி ஆளைத்தான் மாத்திப் பாக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்த தம்பி

ஆளை மாத்தினால் நான் திரும்ப வார்டுக்குப் போகணும். வார்டு என்றால் ராத்திரி டூட்டி. என் மகளுக்கு இன்னும் பால்குடி மறக்கலை. வீட்டுக்காரர் மலைக்கு ஏலக்காட்டு ஆட்களை ஜீப்பில் ஏத்திக்கிட்டுப் போனால் வாரம் முடிஞ்சுதான் இறங்குவார். பகலில் நாத்தனார் பாத்துக்கிடுவாக. ராத்திரி அவ யாரைத் தேடுவா? வேலையை விடுறதைத் தவிர வேறு வழி இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? குனிஞ்சு தட்டிக்கிட்டே இருந்தேன்.

கடைசியாகத் தேனியிலிருந்து கம்ப்யூட்டர் பாக்குற தம்பி ஒருத்தரை டாக்டரம்மாவே கூப்பிட்டாக. வந்தவர் சர்வர் அறைக்குப் போகாம, ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு, மடியில் லேப்டாப்பை வச்சுக்கிட்டாப்ல. நான் என் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டுக்கிட்டேன். "அக்கா, நான் இருக்கேன்னு நினைக்காதீக. எப்பவும் போலப் பாருங்க" என்றாப்ல. புதுப் பிள்ளைக்குச் சீட்டுப் போடச் சொன்னாப்ல, உடனே வந்தது. போன் நம்பரை வச்சுத் தேடச் சொன்னாப்ல; உடனே வந்தது. மருந்துக் கடைப் பில்லும் சட்டென வந்தது. "இப்ப நீங்க வழக்கமாத் தேடுறபடி தேடுங்க" என்றாப்ல. குறிப்பில் தட்டினேன். வட்டம்.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாப்ல. சர்வருக்கு மூளை மாதிரி ஒண்ணு இருக்குதாம், அது சும்மாதான் உட்கார்ந்திருக்கு. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கிற டிஸ்க் மட்டும் மூச்சு வாங்குது. எனக்குப் புரியலைன்னு முகத்திலேயே தெரிஞ்சிருக்கும்.

"கம்பம் பஸ் ஸ்டாண்டுல போடி பஸ்ஸத் தேடுனா, அது நிக்கிற இடத்துக்கு நேராப் போவீகல்லக்கா? இது நிக்கிற பஸ்ஸுல எல்லாம் ஏறி ஏறி, எங்க போகுதுன்னு கேட்டுக்கிட்டு வருது."

ரெட்டைச் சுழி

பேருக்கும் போன் நம்பருக்கும், எது எங்கன இருக்குன்னு காட்ட சர்வரில் வழி போட்டு வச்சிருக்காக. குறிப்புக் கட்டத்துக்கு அப்படி ஒண்ணும் இல்லை. யாராவது அதில் தேடுவாகன்னு செஞ்சவுக நினைக்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை தட்டினால், அது முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் எல்லார் குறிப்பையும் படிச்சுட்டுத்தான் வரும். நாலு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் நாலு தடவை படிக்கும்.

அப்படி என்னதான் எழுதியிருக்கு என்று தம்பி திறந்து பாத்தாப்ல. எனக்கு ஓடி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்தது. 'ரெட்டைச் சுழி. அப்பா கூட வந்தா அழமாட்டான்.' 'ஊர் கோம்பை. இவுக வீட்டு நாய் பேரைச் சொன்னா வாயைத் திறப்பா.' 'சிரிச்சா இடது கன்னம் குழியும்.' 'ஊசிக்கு அழமாட்டான், ஊசி போட்டவுக போனதும் அழுவான்.' சிரிப்பாகன்னு நினைச்சேன். தம்பி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மேலும் படிச்சுக்கிட்டே போனாப்ல. வேலை முடிஞ்சதா என்று மேனேஜர் அண்ணன் எட்டிப் பாத்தாக.

"சர்வரக் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. நானே இத மெதுவாத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்."

கட்டத்துக்குப் பூட்டு

காரணம் தெரிஞ்சதும் மேனேஜர் அண்ணனுக்கு நிம்மதி. எனக்குத்தான் உசிரே இல்லை. "அப்ப அந்தக் கட்டத்த எடுத்து விட்டுருங்க தம்பி. சீட்டுக்குக் கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளையா ஒண்ணப் போட்டுக்கிறோம்" என்றாக. நான் கைப்பையை எடுத்து மடியில் வச்சுக்கிட்டேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியலை.

டாக்டரம்மா அறைக்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு பொடியன் வாயைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுக்கிட்டு இருந்தான். டாக்டரம்மா திரையைப் பாத்துட்டு, "ஏலே, உன் ஆட்டுக்குட்டி புல்லுத் திங்குதா, இல்ல உன்னைய மாதிரித்தானா?" என்று கேட்டாக. அவன் 'ஆ' என்று பதில் சொல்ல, அப்படியே தொண்டையைப் பாத்துட்டாக. ஆட்டுக்குட்டி விவரம் நான் எழுதின குறிப்பு. அவுக அதையெல்லாம் படிக்கிறாகன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். வெளியே வந்து மேனேஜர் அண்ணனிடம் சத்தம் போடாமச் சொன்னாக.

"அந்தக் கட்டத்தையும் அந்தப் பிள்ளையையும் எடுத்தா, எனக்கும் சேத்து ஆள் பாத்துக்கோங்க."

டீ ஆறிப்போச்சு

தம்பி கட்டத்தை எடுக்கலை. ஊர், தாய் பேர், வீட்டுப் பட்டப்பேர் மூணுக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டு, தேடுறதுக்கு வழியும் போட்டுக் கொடுத்தாப்ல. இனி அடையாளத்தைக் குறிப்பில் எழுதலாம், படிக்கலாம். ஆனால் தேடுறது அந்த மூணில்தான். முதல் தடவை தட்டினப்போ வட்டம் வர்றதுக்குள்ள பிள்ளை வந்துருச்சு. ஏதோ கெட்டுப் போச்சுன்னு பயந்து இன்னொரு தடவை தட்டிப் பாத்தேன்.

சின்னமனூரிலிருந்து வழக்கமாக வர்ற ஒரு தாத்தா, பேத்தி பேரைச் சொல்லிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். முன்னெல்லாம் வடையும் தின்னுட்டு, பேப்பரும் படிச்சுட்டுத்தான் வருவார். அன்னைக்கு அவர் டீயை வாயில் வைக்கும் முன்னே பேத்தியைக் கூப்பிட்டாச்சு. கிளாஸோடு ஓடி வந்து என்னை முறைச்சார்.

"ஒரு டீ குடிக்க விடுறீகளா? இதுக்குப் பழைய மிஷினே தேவலாம்."

மேனேஜர் அண்ணன் பின்னால் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. சிரிச்சாகளா என்று நான் திரும்பிப் பாக்கலை. போற போக்கில், "நேரமாச்சு ஆத்தா, கிளம்பு, உம் பிள்ளை தேடும்" என்று மட்டும் சொன்னாக.

சர்வர் வேகமாயிருச்சு, என் வேலையும் நிலைச்சிருச்சு, ஆனால் இனிமே வரிசை நகரலைன்னா பழியைப் போட எனக்கு ஒரு பெட்டிகூட இல்லாமப் போச்சு.