யாரும் கட்டாத எட்டு முகங்கள்

மே மாதமானால், கோதுமை மாப் பசையின் புளித்த வாசனை பக்கத்து வீட்டு விறாந்தையிலிருந்து என் படிப்பு மேசைவரை வரும். குசும் அக்கா வெசாக் பண்டிகைக்குக் காகித விளக்குக் கூடு கட்டத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். அவர் கட்டுவது "அட்டபட்டம". மூங்கில் ஈர்க்குகளால் ஆறு சதுரச் சட்டங்கள் செய்து, மூலையோடு மூலை நூலால் முடிந்தால், ஆறும் சேர்ந்து உருண்டைபோல எழுந்து நிற்கும்.

உக்குவளையில் நான் ஏழாம் தரம் படித்தபோது, கணித டீச்சர் ஆளுக்கொரு திண்மம் கொண்டுவந்து விளக்கச் சொன்னார். நன்றாக விளக்குபவர் மாத்தளைப் போட்டிக்குப் போகலாம், ஒருவருக்குத்தான் இடம். எனக்கு அது வேண்டும். மற்றவர்கள் தீப்பெட்டியும் சவர்க்காரப் பெட்டியும் கொண்டுவர, நான் அக்காவின் பாதி ஒட்டிய கூட்டை இரவல் வாங்கிப் போனேன். சதுரங்களில் மட்டும் "டிஷ்யூ" தாள் ஒட்டியிருந்தது.

பலகையில் எழுதினேன்: முகங்கள் ஆறு, விளிம்புகள் இருபத்துநான்கு, உச்சிகள் பன்னிரண்டு. முகங்களையும் உச்சிகளையும் கூட்டினால் விளிம்புகளைவிட இரண்டு அதிகமாக வரவேண்டும் என்பது விதி. இருபத்தாறு வரவேண்டிய இடத்தில் பதினெட்டுத்தான் வந்தது.

"எட்டக் காணல்லியே, புள்ள," என்றாள் முன் வரிசை ரிஸ்னா. "பஸ்ஸில உட்டுட்டு வந்தியா?"

"அக்கா செஞ்சது ஆறுதான் டீச்சர். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"அக்கா செஞ்சத நான் கேக்கல்ல. இருக்கிறத எண்ணுங்க. மணியடிக்க முந்திச் சரியா சொன்னா, நீங்கதான் மாத்தளைக்கு."

வெளியே நடையில் உட்கார்ந்து ஈர்க்குகளை எண்ணினேன், முடிச்சுகளை எண்ணினேன், எதுவும் மாறவில்லை. தண்ணீர் குடிக்க வந்த ரிஸ்னா, சதுரங்களுக்கு இடையில் கையை மணிக்கட்டுவரை விட்டு விரல்களை ஆட்டினாள்.

"அப்ப என்ட கை எதுக்குள்ளால போச்சு?"

முக்கோணம். மூன்று சதுரங்களிடம் ஒவ்வொரு விளிம்பாக இரவல் வாங்கி உண்டான முகம். அதற்கென்று யாரும் ஈர்க்கு வெட்டவில்லை, அதனால் நான் எண்ணவுமில்லை. அப்படி எட்டு இருந்தன.

உள்ளே போய்ப் பதினான்கு என்றேன்.

"சரி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ரிஸ்னா குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப எண்ணினேன் என்றால் போதும்.

"ரிஸ்னா காட்டினா, டீச்சர்."

மாத்தளைக்கு அவள்தான் போனாள். ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

குசும் அக்கா வீட்டில் இப்போது சந்தையில் வாங்கிய, மடித்து வைக்கும் பிளாஸ்டிக் கூடு தொங்குகிறது. கண்டியில் ஓர் அலுவலகத்தில் நான் இயந்திரப் பாகங்கள் வரைகிறேன். முகம், விளிம்பு, உச்சி எல்லாவற்றையும் கணினியே எண்ணித் தருகிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.