தஞ்சோங் பூங்காவுக்கு நாலாவது தடவை

பினாங்குத் துறைமுகத்தில் பக்கிரிசாமி வாயால் சொன்னால் போதும், காகிதம் வேண்டாம். "முந்நூறு மூட்டை, மத்தியானத்துக்குள்ள கிடங்கில இருக்கும்" என்று காலையில் அவர் சொல்லிவிட்டால், கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி பேனாவை மூடிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். அந்தப் பேரை அவருக்கு யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. பதினாறு வயதில் நாகப்பட்டினத்துக் கப்பலில் டெக்கில் சுருண்டு படுத்து வந்தவர். முதுகுத் தோல் உரிய மூட்டை தூக்கினார். முதலில் ஒரு மாட்டு வண்டி. இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், பதினோரு வண்டி, ஒரு லோரி. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் நாலு பேர் அவரிடம் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு வீட்டில் மட்டும் மதிப்பில்லை.

அன்றைக்கு சாப்பாட்டில் உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார். "இந்த ஏப்ரல் லீவுக்கு நாம எல்லாரும் தஞ்சோங் பூங்கா போறோம். கடலோரத்துல பங்களா. வெள்ளிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை திரும்பறோம்."

மனைவி நல்லம்மாள் இடுப்பில் கைக்குழந்தையோடு ரசத்தை ஊற்றினாள். ஏழு வயது ஜெயராஜ் மட்டும் "கடல்ல எறங்கலாமாப்பா?" என்று கேட்டான். பத்து வயது மூத்தவள் ஜெயலெட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னம்மா லெட்சுமி, காதுல விழுந்துச்சா?"

"சரிப்பா."

கையில் ஒன்றும் இல்லாதபோது வாசலில் நிற்கும் பிச்சைக்காரனைப் பார்த்து 'போய்ட்டு வாப்பா' என்கிறோமே, அந்த 'சரிப்பா'. பக்கிரிசாமி இதற்கு முன்னால் மூன்று தடவை சொல்லியிருந்தார். தைப்பூசம் முடிந்ததும் போகலாம் என்றார், ரங்கூன் அரிசிக் கப்பல் வந்துவிட்டது. போன ஆகஸ்டில் போகலாம் என்றார், ரப்பர் ஏற்றுமதி வந்துவிட்டது. மூன்றாவது தடவை குழந்தைகள் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அன்றைக்கும் ஒரு கப்பல்.

கப்பலுக்கு நாள் கிழமை தெரியுமா? அது வந்தால் இறக்கத்தான் வேண்டும். இதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல், "இந்தத் தடவை நிச்சயம். நான் சொன்னா சொன்னதுதான்" என்று குரலை உயர்த்தினார்.

"சரிப்பா" என்றாள் மறுபடியும், எழுந்து கை கழுவப் போனாள்.

அன்றிலிருந்து பக்கிரிசாமிக்கு இது ஒரு வீம்பாகவே ஆகிவிட்டது. அவர் யாருக்கு மூட்டை இழுக்கிறாரோ அந்தச் சீன முதலாளிகளில், தவுக்கே என்பார்கள், ஒருவருக்குத் தஞ்சோங் பூங்காவில் பலகை பங்களா ஒன்று இருந்தது. கேட்ட வாயை மூடுவதற்குள் தவுக்கே சாவியைக் கொடுத்தார். பக்கிரிசாமியே லோரியில் போய்ப் பார்த்தார். பங்களாவைக் காவல் பார்க்கும் மலாய்க்காரி நோர்மா எல்லா ஜன்னலையும் திறந்து காட்டினாள். படிக்குக் கீழே மணல். மணலுக்கு அப்பால் தண்ணீர்.

"எத்தனை பேர் வருவீங்க தவுக்கே?" என்று மலாயில் கேட்டாள்.

"எங்க வீட்டாளுங்க அஞ்சு பேர்தான்" என்றார், தன்னை ஒருத்தி தவுக்கே என்று கூப்பிட்டதில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நல்லம்மாள் கேட்ட முதல் கேள்வி, "அடுப்பு எப்படி?"

"அடுப்பு அடுப்பு மாதிரிதான் இருக்கு."

"சீனன் வீட்டு அடுப்பு. அதுல என்னென்ன வெந்துச்சோ. நான் நம்ம அடுப்பைக் கொண்டு வருவேன். சட்டி பானை, அம்மி..."

"அம்மியா? மூணு நாளைக்கு அம்மியா?"

"மீன் கொழம்புக்கு மசாலா உங்க கப்பல்லயா அரைக்கிறது?"

"இந்தா, நல்லம்மா, நாம காத்து வாங்கப் போறோமா, குடி பேந்து போறோமா?"

"காத்தை வாங்கி வயித்துல போட்டுக்க முடியுமா? புள்ளைங்களுக்கு நேரத்துக்குச் சோறு வேணும்."

அம்மி லோரி ஏறுவது முடிவாகிவிட்டது. அதோடு பாய் நாலு, கைக்குழந்தைக்குத் தூளிச் சேலை, ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர், விறகு. பக்கிரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். மற்ற நாளாய் இருந்தால் கத்தியிருப்பார். ஆனால் மகள் ஓரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கிற வரையில் எதற்கும் தயார் என்று இருந்தார் மனுஷன்.

இதோடு நின்றிருந்தால் தேவலை. கடைத்தெருவில் சாமான் வாங்கப் போனவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. துணிக்கடையில் சொன்னார், வெற்றிலைக் கடையில் சொன்னார். மறுநாள் சாயங்காலமே மச்சினன் சந்திரசேகரன் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் அவன். லீவில் வேறு வேலை இல்லை.

"அத்தான், வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். தஞ்சோங் பூங்கா மேற்கே இருக்கு."

"மேற்கு இல்ல, வடக்குன்னு வச்சுக்க."

"வச்சுக்கறதுக்கு அது என்ன எங்க வீட்டுச் சட்டியா? சூரியன் அங்கதானே மறையுது?"

"சரி மச்சான், வெள்ளிக்கிழமை சூலத்துக்கு வெல்லம்தானே பரிகாரம்? ஒரு கட்டி வாயில போட்டுக்கறேன்."

"அது தவிர்க்க முடியாத பயணத்துக்கு. சாவு, வழக்கு, இந்த மாதிரி. காத்து வாங்கப் போறவனுக்கெல்லாம் வெல்லம் கேக்காது அத்தான்."

பங்களா வெள்ளிக்கிழமையிலிருந்துதான் கிடைக்கும். பக்கிரிசாமிக்கு மூக்கு விடைத்தது. "எனக்குச் சூலமும் இல்ல, வேலும் இல்ல. நான் கப்பல் ஏறின அன்னிக்கு எவன் பஞ்சாங்கம் பார்த்தான்?"

"நீங்க பாக்கல. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் பாக்கணும்" என்றாள் நல்லம்மாள்.

கடைசியில் சந்திரசேகரனே வழி சொன்னான். பரஸ்தானம் வைப்பது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில், போகிறவர்களின் துணியை ஒரு மூட்டையாகக் கட்டி, மேற்குப் பக்கமாக இருக்கும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் அந்த வீட்டிலிருந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம், சூலம் ஒன்றும் செய்யாது. ஆனால் வைத்த மூட்டை பயணம் போகாமல் வீடு திரும்பக் கூடாது. திரும்பினால் வீட்டுக்கு ஆகாது.

"போகாம எதுக்குத் திரும்புது?" என்றார் பக்கிரிசாமி.

 ஜெயலெட்சுமி ஒரு தரம் தம்பியைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை நல்ல நேரம். தெருவின் மேற்குக் கோடியில் ஹபீபா பீவி வீடு. நல்லம்மாளுக்கு உடன்பிறவாத அக்கா. "வாடி, ஒங்க துணிக்கு மட்டும் விருந்தா? பிரியாணி போடவா, கஞ்சி போதுமா?" என்று சிரித்துக்கொண்டே மூட்டையை வாங்கி முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தார். அதில் பக்கிரிசாமியின் வேட்டி இல்லை. அவரவர் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அவர் வீடு சேரும்போது ஆறரை. துறைமுகத்தில் மழை பிடித்துக்கொண்டது.

"உங்க துணி போகல" என்றாள் நல்லம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"போகாட்டி என்ன? லோரியே என்னோடது. என்னை எவன் இறக்கி விடுவான்?"

விடிந்தது. எட்டு மணிக்கெல்லாம் லோரி ஹபீபா பீவி வாசலில் நின்றது. அம்மி, அடுப்பு, பீப்பாய், பாய் எல்லாம் ஏறியாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள், வழியனுப்ப வந்த சந்திரசேகரன் உட்பட. ஜெயலெட்சுமி இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் பக்கிரிசாமிக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். நம்பிவிட்டாள்!

அப்போதுதான் கூலியாட்களை வேலை வாங்கும் தண்டல் ராமு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயது மனுஷன், இருபது வருஷமாய்க் கூடவே இருப்பவர். முகத்தைப் பார்த்ததுமே கப்பல் என்று பக்கிரிசாமிக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, திங்கக்கிழமை வரவேண்டிய ரங்கூன் கப்பல் வந்திருச்சு. தொங்கான் படகுல அரிசி எறங்குது. வானம் கறுத்துக்கிட்டு நிக்குது. எண்ணூறு மூட்டை. கிராணி உங்களைத்தான் கேக்கறாரு. லோரியும் வேணுமாம்."

பக்கிரிசாமி வானத்தைப் பார்த்தார். லோரியைப் பார்த்தார். அம்மியைப் பார்த்தார். ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பெண்பிள்ளைகள் இருக்கும் இடம், விழுங்கிக்கொண்டார்.

"நல்லம்மா, ஒரு பகல் பொறுத்துக்க. சாயங்காலம் போயிரலாம். இப்ப வீட்டுக்குப் போயி..."

"வீட்டுக்கா? மூட்டை படி தாண்டிருச்சுங்க. திரும்பி வரமாட்டேன்."

"அப்ப இங்கயே இரு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிஞ்சு அக்கா வீட்டுல அத்தனை சனம் வரும். கைக்குழந்தையோட நடுவுல நான் உக்காந்துக்கிட்டு இருக்கவா?"

"இருந்தா என்னம்மா, இரு" என்றார் ஹபீபா பீவி. ஆனால் அவர் கண்ணும் வாசலுக்குத்தான் போனது.

"லோரி இல்லாம எண்ணூறு மூட்டை எப்படி? நான் சொல் தவறுன ஆளு இல்லடி!"

"அங்க தவற மாட்டீங்க" என்றாள் நல்லம்மாள். அவ்வளவுதான். 

அப்போது பக்கிரிசாமி மகள் பக்கம் திரும்பினார். அழுவாள், பிடிவாதம் பிடிப்பாள் என்றுதான் நினைத்தார். அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை அவிழ்த்து மடித்து மடியில் வைத்தாள். இன்னொன்றில் கை வைத்தாள். யாரும் சொல்லவில்லை. கோபமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை ஆணியில் மாட்டுவது மாதிரி, பழகிப்போன ஒரு வேலையாய்ச் செய்தாள்.

பக்கிரிசாமி லோரியின் பின்பலகையைத் தானே இறக்கினார்.

"ஏறுங்க எல்லாரும்" என்றார். "மச்சான், நீ கூடப் போ. கைக்குழந்தை இருக்கு, லோரி உங்களோட அங்கயே நிக்கட்டும்."

"அண்ணே!" என்றார் ராமு.

"வண்டி பதினொண்ணு இருக்குல்ல? மாட்டுக்குக் காலு இருக்குல்ல? நட." மகளிடம் குனிந்து சொன்னார்: "நாலு மணிக்கு அப்பா அங்க இருப்பேன்."

"சரிப்பா" என்றாள். ஒரு பக்கம் ரிப்பனும் ஒரு பக்கம் வெறும் பின்னலுமாக லோரியில் ஏறினாள்.

பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் லோரி போய்விட்டது. "இன்னிக்கே முடியும்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு இறங்கினார், துறைமுகத்தில் அன்றைக்குப் பட்ட பாடு சொல்லி முடியாது. லோரி நாலு நடையில் கொண்டுபோவதை மாட்டு வண்டிகள் நாள் முழுக்க இழுத்தன. பதினொரு மணிக்கு மழை. தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்றார்கள். மழை விட்டதும் சேற்றில் ஒரு சக்கரம் இறங்கியது. பக்கிரிசாமியே சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்துத் தூக்கினார். முதலாளி ஆனபிறகு அவர் மூட்டை தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டார், இளவட்டங்களுக்குச் சளைக்காமல் நாற்பது மூட்டை தூக்கினார். அப்படியும் கடிகாரம் நாலு அடித்தபோது தொங்கானில் இருநூறு மூட்டைக்கு மேல் மிச்சம். நாலரை. ஐந்து.

ஐந்தே காலுக்கு அவர் கிராணி முன்னால் போய் நின்றார்.

"மிச்சம் காலையில இறக்கறேன். தார்ப்பாய் கெட்டியா போட்டிருக்கு. ராமு காவல் இருப்பாரு."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன பக்கிரிசாமி, இன்னிக்கே முடியும்னு காலையில சொன்னது நீங்கதானே?"

இருபது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"சொன்னேன். முடியல" என்றார். கிராணி ஏதோ எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

மோட்டார் பஸ்ஸில் கூட்டம். சேற்றோடு ஏறியவரைப் பார்த்து ஒரு சீனக் கிழவி நகர்ந்து உட்கார்ந்தாள். முக்கால் வழியில் பஸ் சூடேறி நின்றுவிட்டது. மிச்ச ஒன்றரை மைலும் நடை. போகிற வழியெல்லாம் மகளிடம் சொல்லவேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போனார். எண்ணூறு மூட்டை, மழை, சேற்றில் இறங்கிய சக்கரம், நாற்பது மூட்டை தூக்கிய தோள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததை. கேட்டால் யாருக்கும் மனசு இளகும் என்று நினைத்தார்.

பங்களா வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. நோர்மா பின்பக்கம் கை காட்டினாள். சூரியன் தண்ணீரைத் தொடப் போகும் நேரம். நல்லம்மாள் மணலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஜெயராஜும் சந்திரசேகரனும் அலையில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயலெட்சுமி முட்டிவரை தண்ணீரில் நின்று பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சாலைப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது அங்கே, அவளுக்கு?

பக்கிரிசாமி தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றார்.

"அட, இன்னிக்கே வந்துட்டீங்களா?" என்றாள்.

"வர்றேன்னு சொன்னேன்ல?"

"நாலு மணின்னீங்க."

வழியெல்லாம் சேர்த்து வைத்தது தொண்டைவரை வந்தது. எண்ணூறு மூட்டை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். மகள் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.

"ஆமா. நாலு மணின்னேன்" என்றார்.

ஜெயலெட்சுமி பாவாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். பிறகு அவள் கேட்டாள்: "நாளைக்கு இருப்பீங்களா?"

நிச்சயம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. துறைமுகத்தில் இருநூறு மூட்டை படுத்திருக்கிறது. "தெரியலம்மா. காலையில போயி மிச்சத்தை இறக்கணும். எப்ப முடியும்னு சொல்ல முடியல."

அவள் யோசித்தாள். துறைமுகத்தில் அவர் வண்டிக்காரனுக்கு உத்தரவு தருவது மாதிரியே விரலை நீட்டிச் சொன்னாள்:

"அப்ப போறதுக்கு முன்னாடி வாங்க. ஆறரை மணிக்குத் தண்ணி எறங்கியிருக்குமாம், நோர்மா சொன்னாங்க. சிப்பி பொறுக்கலாம். ஏழு மணிக்கு நீங்க போயிக்கலாம். ஆறரைன்னா ஆறரை."

"சரிம்மா" என்றார் பக்கிரிசாமி.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், வேட்டி முழுக்கச் சேறு. "மொதல்ல குளிங்க" என்று சொல்லிவிட்டு, தம்பி இருந்த பக்கம் தண்ணீரை அளைந்துகொண்டு போனாள்.