சுளகில் காய்ந்த பீங்கான் வளையங்கள்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. மாட்டுப்பொங்கல் காலையில் பல் விளக்கிக்கொண்டே முன்னறைக்குள் வந்த நான், மீன்தொட்டியைப் பார்த்ததும் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன். தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. ஏஞ்சல் மீன்கள் அத்தனையும் மேலே சரிந்து மிதந்தன. ஒன்றின் செவுள் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில், வாசல் படலையடியில் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நின்ற, எங்கள் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்றும் ஓடிவிட்டது.

அவை மாமாவின் மீன்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்திருந்தார். அவர் அங்கே இருக்கும்போது பிறந்த மகள், அவரைக் கண்டாலே வீரிட்டு அழுவாள். "இனிச் செத்தாலும் போகமாட்டன்" என்று சொல்லிவிட்டு, நிலாவெளி ஹோட்டல்களுக்கு மீன்தொட்டி வைத்துப் பராமரித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். முதல் தொட்டி எங்கள் வீட்டில்தான் வைத்தார். பொங்கல் முடிய ஒரு ஹோட்டல் மனேஜர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் மாமா ஊரில் நிற்பார். பிடிக்காவிட்டால் கட்டார்தான். பாஸ்போர்ட் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

தொட்டிக்குக் கீழே வைப்பதற்கு மூடிய வாளி போல ஒரு வடிகட்டி வந்தது. குழாயால் அழுக்குத் தண்ணீர் அதற்குள் போய், சுத்தமாகித் திரும்பி வரவேண்டும். திறந்து பார்த்தால் உள்ளே மூன்று தட்டுகள், மூன்றும் வெறுந்தட்டுகள்! எதைப் போட்டு நிரப்புவது என்று எங்கள் வீட்டில் ஒரு பெரிய கதை நடந்தது. நிலாவெளிக் கடற்கரையில் சும்மா கிடக்கிற முருகைக்கல்லை, அதுதான் பவளப்பாறைத் துண்டை, போடலாம் என்றார் அப்பா.

"அது கரைஞ்சு தண்ணியைச் சுண்ணாம்பாக்கிப் போடும் அத்தான்."

அம்மாவுக்கு எங்கள் கிணற்றில் அளவு கடந்த நம்பிக்கை. கிணறு இறைத்ததும் அடியில் நெல்லிக்கட்டை போட்டால் தண்ணீர் தெளிந்து இனிக்கும் என்பது அவர் கண்ட உண்மை. "ஒரு நெல்லிக்கட்டையைப் போடன்ரா. காசுமில்லை, கரைச்சலுமில்லை."

"இது கிணறில்லை அக்கா!"

மாமா கொழும்பிலிருந்து பல விதமான வளையங்கள் எடுப்பித்தார். எங்கள் வாயில் அவையும் 'கல்'தான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். வழுக்கி ஓடினால் ஒதுக்கிவிடுவார். சட்டென்று உறிஞ்சினால் எடுத்துவைப்பார். கடைசியில் பொருபொருத்த வெள்ளைப் பீங்கான் வளையங்கள்தான் தேறின. கீழ்த்தட்டில் ஸ்பொஞ்ச், நடுவில் வளையங்கள், மேலே பஞ்சு. "இந்த ஓட்டைகளுக்குள்ள உயிர் வந்து குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதுகள்தான் மீன்ர கழிவைத் தின்னும்" என்றார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊத்தைக்கு உயிரெண்டு பேர் வைக்கிறான்" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்தது. மீன்கள் கொழுத்தன. மகளும் மாமாவின் மடியில் ஏறத் தொடங்கினாள்.

பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் கழுவாத பொருள் இருக்காது. கதிரைக் கால்கூடத் தப்பாது. மாமா தொட்டிக்குச் செடி வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். அம்மா வடிகட்டியையும் திறந்தார். ஐயோ, அந்த வளையங்கள் மண்ணிறச் சளி பூசி வழுவழுவென்று கிடந்தன!

"சீ! பெரிய மனிசன் வந்து பார்க்கப்போறார். இந்த ஊத்தையோடயா காட்டுறது?"

கொதிநீரில் சவர்க்காரத்தூள் கரைத்து, தேங்காய்த் தும்பால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மழை விட்டு எறித்த வெயிலில், மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் சுளகில் பரப்பினார். தம்பிக்காக அம்மா அவ்வளவு ஆசையோடு வேலை செய்ததை நான் பார்த்ததில்லை. பின்னேரம் எல்லாம் பளபளவென்று பழைய ஒழுங்கிலேயே உள்ளே போயின. பொங்கலன்று தண்ணீர் இலேசாக மங்கியதைப் பொங்கல் அமளியில் யாரும் கவனிக்கவில்லை.

மாட்டுப்பொங்கலன்று நான் போட்ட கூச்சல் அடங்குமுன்பே மாமா செடிப் பையோடு பஸ்ஸால் வந்து இறங்கினார். வாசலிலேயே பேயறைந்தவர் போல நின்றுவிட்டார். பை கையிலிருந்து விழுந்தது. "ஆற்ற கண் பட்டுதோ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா வடிகட்டியைத் திறந்தார். ஒரு வளையத்தை எடுத்து மூக்கருகே பிடித்தார். பிறகு அக்காவை வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான் அக்கா பிழையான கல்லைத் தெரிஞ்செடுத்திட்டன்."

அம்மாவின் அழுகை அப்படியே கோபமாகிவிட்டது. "அப்பவே சொன்னனான், நெல்லிக்கட்டையைப் போடெண்டு! கேட்டியே?"

"ஓம் அக்கா" என்றார் மாமா.

எனக்கு அதுதான் மீன்கள் செத்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டுப் பார்த்தவருக்கு ஒரு நல்ல கல்லைத் தெரிந்தெடுக்க ஏலாமல் போய்விட்டதே! மாமா மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனேஜர் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் மாமாவும் போனார். பஸ் நிலையத்தில் மகள் அவர் கழுத்தை விடவே மாட்டேன் என்று தொங்கினாள். பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

போன கிழமை என் மகனுக்காக ஒரு மீன்தொட்டி வாங்கினேன். கடைக்காரர் வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஓடத் தொடங்கினாப் பிறகு இதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போடாதேங்கோ. உள்ள இருக்கிற உயிரெல்லாம் செத்திடும், பிறகு மீனும் மிஞ்சாது." காசு நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மாமாவின் மூக்கில் அன்றைக்கு என்ன வாசம் அடித்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொட்டி வாங்கியதை மட்டும் சொன்னேன்.

"மாமாவைப் போல கண்ட கல்லையும் போடாத பிள்ளை" என்றார் அம்மா. "அவன் என்ர கதையைக் கேட்டிருந்தா இண்டைக்கு ஊரில இருந்திருப்பான். என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.