பசிக்கலையா ஆர்ச்சி?

எங்கள் ஊர் பிட்லோரனில் ஆர்ச்சி லம்ஸ்டனைத் தெரியாதவர்கள் கிடையாது. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் லாரியை ஓட்டுபவர். அவர் இல்லாவிட்டால் பாதி ஊர் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கிடக்கும். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது லாரி இல்லை, பிரைடி.

கொத்துக்கறி திணித்துச் சுட்ட அந்தப் பிரைடியை வாங்க அவர் மைதானத்து மூலைக் கடைக்கு வந்தால், எங்கள் திசில் அணி கோல் போடும். ஒரு கோப்பை ஆட்டத்தில் தற்செயலாக ஆரம்பித்தது. அடுத்த வாரமும் நடந்தது. ஒருமுறை தேநீர் மட்டும் வாங்கினார், கோல் விழவில்லை. இன்னொரு முறை வாங்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அன்றைக்கே சட்டம் முடிவாகிவிட்டது. பிரைடியேதான் வாங்க வேண்டும், அது கைக்கு வரும்வரை மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.

அதிலிருந்து, கோல் தேவைப்படும்போதெல்லாம் கூட்டம் ஒரே குரலில் கேட்கும்: "பசிக்கலையா ஆர்ச்சி?"

மனிதர் எழுந்து வருவார். இப்படியே இடுப்பு பெருத்துப் போனது. சொந்த மைதானத்தில் சொந்த அணி போட்ட ஒரு கோலையும் பார்க்காத ரசிகர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தக் கோல்களையெல்லாம் பார்த்தவள் நான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு டன்டீயில் கல்லூரி திறக்கும்வரை ஐனாவின் அந்த மூலைக் கடையில் வேலைக்கு நின்றிருந்தேன். ஆர்ச்சியின் தோளுக்கு மேலே மைதானம் முழுவதும் எனக்குத் தெரியும். எனக்குத்தான் கால்பந்தில் ஆர்வம் இல்லை.

"எப்படிப் போட்டாங்க, எல்ஸ்பெத்?" என்று ஒவ்வொரு தடவையும் ஆசையாகக் கேட்பார்.

"யாரோ ஒதைச்சாங்க. உள்ள போயிடுச்சு."

"எந்தக் கால்ல?"

"பூட்ஸ் போட்ட கால்ல."

ஒருநாள் அவருக்கு நிகழ்தகவு பற்றிப் பாடம் எடுத்தேன். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய திமிர். ஒரு கறித் தின்பண்டத்துக்கும் காற்றடைத்த பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நாணயத்தைச் சுண்டிக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரொம்பத் தெளிவா சொன்னம்மா. ஒரு பிரைடி குடு," என்றார். கொடுத்தேன். கோல் விழுந்தது.

பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று, கடையைத் திறப்பதற்குள் வந்து நின்றார். முகம் சவரம் செய்து பளபளத்தது.

"இன்னைக்கு ரோரி ஆடுறான்," என்றார். ரோரி அவருடைய மகன். அதுவரை மாற்று ஆட்டக்காரர்களின் பலகையிலேயே உட்கார்ந்து தேய்ந்தவன். அன்றுதான் முதன்முதலாக ஆரம்பத்திலிருந்தே ஆடப் போகிறான். "அவன் கோல் போட்டா நான் பாக்கணும். அதனால நானே வந்து கேட்டாலும் எனக்கு பிரைடி குடுக்காத. சத்தியம் பண்ணு."

"சத்தியமா தரமாட்டேன்."

"கெஞ்சினாலும்?"

"அழுதாலும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் என் பாடம் வேலை செய்துவிட்டது, மூடநம்பிக்கையிலிருந்து ஒரு மனிதரை மீட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

சமன் செய்தாலே திசில் தப்பிக்கும். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இடைவேளைக்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் எங்கள் ஆட்கள் வழக்கம்போல எதிர் முனைக்கு இடம் மாறினார்கள், திசில் எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அதன் பின்னால் நிற்பதற்கு. ஆர்ச்சியும் மாறினார். அந்த முனை எங்கள் கடைக்குப் பக்கம்.

"பசிக்கலையா ஆர்ச்சி?" என்று ஆரம்பித்தார்கள்.

"வயிறு சரியில்ல," என்றார் ஆர்ச்சி.

"யோவ், ஊரே கீழ எறங்கப் போகுது, உனக்கு வயிறா?" என்றார் கம்பி வேலியோரம் நின்ற ஹ்யூகி. "வாங்கிட்டு வா, நான் தின்னுக்கிறேன்."

ஆர்ச்சி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மகனையே பார்த்தார். ரோரி ஓடினான், விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கடையின் பெட்டி அடுப்பில் ஒரே ஒரு பிரைடி மிச்சம் இருந்தது. இவர் மனம் தளர்ந்து வந்துவிட்டால் என் சத்தியம் என்னாவது? யோசித்தேன். படித்தவள் யோசிக்கிற மாதிரி யோசித்து, அந்தப் பிரைடியை நானே தின்றுவிட்டேன். சூட்டில் மேலண்ணம் வெந்தது.

வாயைத் துடைப்பதற்குள் விசில் கேட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டி. வழக்கமாக உதைக்கிறவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தை எடுத்து வைத்தவன் ரோரி.

இந்தத் தடவை கூட்டம் கத்தவில்லை. எல்லோரும் ஆர்ச்சியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆர்ச்சி மகனைப் பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, கடையை நோக்கி நடந்தார்.

"ஒரு பிரைடி."

"தரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப குடு."

"ரோரிதான் ஒதைக்கிறான், ஆர்ச்சி. திரும்பிப் பாருங்க."

"அவன் ஒதைக்கிறதாலதான் கேக்குறேன். அடிக்காம விட்டுட்டான்னா இந்த ஊர்ல அவன் எப்படி நடமாடுவான்? குடும்மா."

கண்கள் கலங்கியிருந்தன. எல்லாம் தின்று தீர்ந்துவிட்டது என்று அந்த முகத்திடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "இருங்க, உள்ள பாக்குறேன்," என்று குனிந்து, காலி அடுப்புக்குள் தலையை விட்டு, இல்லாத பிரைடியைத் தேடினேன்.

"என்னடி தேடுற? கடைசியத்தான் நீயே முழுங்கிட்டியே," என்றாள் ஐனா, ஊருக்கே கேட்கும்படி.

அதே நொடி கூட்டம் 'ஐயோ' என்று முனகியது. கீப்பர் தடுத்துவிட்டான். அடுத்து வந்தது இரைச்சல். நான் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை அடுப்பின் விளிம்பில் மோதியது.

வெளியே வந்து பார்த்தேன். ஆர்ச்சி என் பக்கம் பார்க்கவில்லை. முனகலைக் கேட்டதும் திரும்பியிருக்கிறார். இப்போது மைதானத்தைப் பார்த்து, வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிப் போட்டாங்க?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

மெதுவாகத் திரும்பினார். "கீப்பர் எடது பக்கம் பாஞ்சு தட்டிட்டான். பந்து சேத்துல உருண்டு வந்துச்சு. இவன் ஓடினான், வழுக்கிட்டான், உக்காந்த வாக்குலயே முட்டியால தள்ளிட்டான். கோட்டத் தாண்டினதும் பந்து நின்னுருச்சு. வலைக்குக்கூடப் போகல, எல்ஸ்பெத். அசிங்கமான கோல்." மூக்கை உறிஞ்சினார். "எவ்வளவு அசிங்கம் தெரியுமா," என்று மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் தலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

திசில் தப்பியது. ஊர் கூடி விவாதித்தது. ஆர்ச்சி பிரைடி வாங்கவில்லை, திரும்பியும் பார்த்துவிட்டார். அப்படியும் கோல் விழுந்திருக்கிறது என்றால் காரணம் வேறு யாரோ. அந்த நேரத்தில் மைதானத்தைப் பார்க்காமல் இருந்தது யார் என்று ஹ்யூகி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிகழ்தகவு பற்றி எடுத்துச் சொன்னேன். ரொம்பத் தெளிவாகச் சொன்னதாகப் பாராட்டினார்கள்.

புதிய பருவம் தொடங்கிவிட்டது. ஆர்ச்சி கம்பி வேலியோரம் நின்று நிம்மதியாக ஆட்டம் பார்க்கிறார். கொஞ்சம் இளைத்தும் இருக்கிறார். திசில் தடுமாறினால் கூட்டம் கடைப் பக்கம் திரும்பி, "அடுப்பப் பாத்தியா எல்ஸ்பெத்?" என்று கேட்கிறது. நான் குனிகிறேன். முடிந்ததும் ஆர்ச்சி வந்து, எந்தக் காலால் உதைத்தார்கள் என்பதுவரை சொல்கிறார்.

டன்டீக்குப் போவதில் மாற்றமில்லை. சனிக்கிழமை மதிய பஸ்ஸில் போவதாக இருந்தேன். அன்றைக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.