கரிக்கோட்டைத் தாண்டிய ஈரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. நான் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து வீட்டிலேயே மடித்துக் கட்டிக் கொடுப்பேன். மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம்.

அந்த வருஷம் ஆனி மாதம் நடு அறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. பத்தே நாளில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த துணிக்கட்டுகளில் பழுப்புக் கறை ஏறிவிட்டது. கம்பெனி சூப்பர்வைசர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து, “இதை எந்தப் புண்ணுல வச்சுக் கட்டுறது?” என்று திருப்பித் தந்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

சொந்தக்காரரை அழைத்துக் காட்டினேன். அவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சாரல் அடிக்குதுல்ல, அதான். நீங்களும் தண்ணியைக் கொட்டிப் பொழங்குதீக. வெள்ளையடிச்சாச் சரியாப் போகும்.”

“நடுச் சுவர்ல எப்படிய்யா சாரல் அடிக்கும்?”

அவர் படியேறிவிட்டார்.

“அவியகிட்ட வம்பு வேண்டாம் ஏட்டி. வேற வீடு பாத்துக்கிடலாம்” என்றார் கணவர்.

“நான் எங்கயும் வரலை” என்றேன். தப்பு செய்யாத நான் எதற்குச் சாமான் தூக்க வேண்டும்?

மறுநாள் காலை ஈரத்தின் ஓரமாக அடுப்புக்கரியால் கோடு போட்டேன். அன்றாடம் புதுக்கோடு. அன்றாடம் ஈரம் அதை ஒரு விரற்கடை தாண்டியது. ஆடித் தேர் பார்க்க மாடிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கினார்கள். அந்த நான்கு நாளும் நல்ல சாரல். ஈரம் கோட்டிலேயே நின்றது. அவர்கள் திரும்பி வந்து குளித்துத் துவைத்த மறுநாள் தாண்டியது.

வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டுநீலப் பாட்டிலோடு மாடியேறினேன். சொந்தக்காரரின் மனைவி கதவைத் திறந்தார்.

“குளிக்கிற ரூம்ல இதைக் கரைச்சு ஊத்திப் பாக்கணும்க்கா.”

“அவிய கோவிப்பாகளே.”

“கோவிக்கட்டும்.”

பாட்டிலை வாங்கி அவரே ஊற்றினார். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டோம். மறுநாள் மத்தியானம் என் சுவரில் வெளிர்நீலம் இறங்கியிருந்தது.

அதைப் பார்த்த சொந்தக்காரருக்கு முகம் சிவந்தது. “பிடிக்கலைன்னாக் காலி பண்ணு. சுவர்ல சாயத்தைப் பூசிட்டு எங்கிட்டயே காட்டுதியா?”

“காலி பண்ண மாட்டேன்யா. குழாயைப் பாருங்க.”

படியில் நின்ற அவர் மனைவி, “பூசலை. மாடியில நான்தான் ஊத்துனேன்” என்றார்.

மாடிக் குளியலறைத் தரையை உடைத்தபோது கழிவுக்குழாயின் இணைப்பு விட்டிருந்தது தெரிந்தது. குழாயை மாற்றிய அன்றே என் சுவரைப் பூச வந்தார் கொத்தனார். விடவில்லை. பழைய பூச்சையெல்லாம் செங்கல் தெரியச் செதுக்கச் சொன்னேன். உள்ளே ஈரத்தை வைத்துப் பூசினால் மறுபடியும் பொரியும்.

“எம்புட்டு நாளும்மா காயப் போடணும்?” என்று முணுமுணுத்தார்.

“கைவச்சாக் குளுருறது நிக்கிற வரைக்கும்.”

ஒரு மாதம் செங்கல் சுவரோடு குடித்தனம் நடத்தினோம். புரட்டாசியில் பூசினார்கள். சொந்தக்காரர் அதன்பிறகு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. நாங்கள் இன்னும் ஏழு வருஷம் அங்கேதான் இருந்தோம்.