ஆளுயரக் குழி

என் அண்ணிக்கு எதையும் மேலோட்டமாகப் பார்க்கத் தெரியாது. வீட்டுக்கு வந்தவர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் விடமாட்டாள். "எங்க நல்லா இருக்கீங்க? முகம் வாடியிருக்கே" என்று தோண்ட ஆரம்பித்துவிடுவாள். பிழைப்பும் அதேதான். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் வரும்போது நகக்கண்ணில் மண், கைப்பையில் மண், ஒருமுறை சாப்பாட்டு டப்பாவிலும் மண். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் மண்புழு.

எங்கள் தோப்பை வெட்டிவிட்டு, பக்கத்து வயலில் போட்டதுபோல அங்கேயும் மக்காச்சோளம் போட அண்ணன் கிளம்பினான். அண்ணி குறுக்கே நின்றாள்.

"இத்தனை வருஷமா இலையும் வேரும் மக்கி, அந்தக் கரிமம் ஆழத்துல சேர்ந்திருக்குங்க. வெட்டி உழுதா கொஞ்சம் கொஞ்சமா காத்தோட போயிடும். திரும்பச் சேர்க்க நம்ம ஆயுசு பத்தாது."

"பயிருக்கு வேண்டியது மேல ஒரு முழம் மண்ணு. அடியில கிடக்கறதை வச்சு நான் என்ன பண்ண?"

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. ஆளுயர ஆழத்தில், வயலில் இருப்பதைவிடத் தோப்பு மண்ணில் கரிமம் இரண்டு மடங்காவது இருந்தால் தோப்பைத் தொடுவதில்லை. இல்லாவிட்டால் பாதித் தோப்பு சோளத்துக்கு.

அண்ணி துளைக்கருவியைத் திருகித் திருகி இறக்கி இரண்டு பக்கமும் மண் எடுத்தாள். மூன்று மடங்கு என்று வந்தது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மரம் வெட்டுபவரைத் திருப்பி அனுப்பினான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மரங்கள் மேல் எனக்கு உயிர்.

அடுத்த வாரம், மீந்த மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த அண்ணி என்னைக் கூப்பிட்டாள். சல்லடையில் பாதி மக்கிய இலைத் துணுக்குகள். ஆளுயர ஆழத்துக்கு இலை எப்படிப் போகும்? கருவியை உருவும்போதெல்லாம் கரிமம் அதிகமுள்ள மேல்மண் துளைக்குள் உதிர்ந்திருக்கிறது. வயல் மண் இறுகிக் கிடந்ததால் அங்கே உதிரவில்லை. தோப்பு மண் பொலபொலவென்று இருந்ததால் ஏமாற்றிவிட்டது.

"வாயைத் திறக்காதீங்க அண்ணி. மரம் தப்பிச்சுதில்ல?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிடி விடறது? மூணு மடங்குன்னு அவர்கிட்டச் சொன்னது நான்தானே?"

சொல்லியும்விட்டாள். மறுநாளே மண்வெட்டியோடு தோப்பில் இறங்கினாள். தலை மறையும் அளவுக்குக் குழி. அண்ணன் மேலே நின்று, "உள்ளயே குடித்தனம் வைக்கப் போறியா?" என்று கேட்டபடி கூடை கூடையாக மண்ணை வாங்கிக் கொட்டினான். குழியின் சுவரில் கத்தியால் மண் சுரண்டியபோது அடியிலிருந்து மேலாகத்தான் எடுத்தாள்; மேலிருந்து தொடங்கினால் மறுபடி உதிர்ந்து கலந்துவிடும். வயலிலும் அப்படியே செய்தாள்.

இந்தத் தடவை ஒன்றரை மடங்குதான் வந்தது.

பாதித் தோப்பு போனது. மரங்கள் சாயும்போது அண்ணி அங்கேயே நின்று அழுதாள். நான் அவளோடு பேசவில்லை, அவ்வளவு கோபம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"வெட்டின பக்கம், வெட்டாத பக்கம் ரெண்டுலயும் வருஷா வருஷம் குழி தோண்டுவேன். சோளம் மிதிபடுதுன்னு கத்தக் கூடாது."

தோண்டினாள். மழையோ வெயிலோ, ஒரு வருடமும் விட்டதில்லை. முதலில் வெட்டின பக்கம் மேல்மண்ணில்தான் கரிமம் குறைந்தது; "அடியில அப்படியேதானே கிடக்கு?" என்று அண்ணன் சிரித்தான். ஆறாம் வருடம் ஆளுயர ஆழத்திலும் குறைந்திருந்தது. தோப்பில் அப்படியே இருந்தது.

அன்று அண்ணன் சொன்னான்: "மீதி மரத்தைத் தொடமாட்டேன். இந்த அறுப்பு முடியட்டும், வெட்டின இடத்துலயும் கன்னு வச்சிடலாம்."

நான் அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் அவசரப்படாதீங்க. நாளைக்கு இன்னொரு குழி தோண்டிப் பாத்துடறேன். இதுலயும் தப்பு இருக்கலாம்."